கார் செட் மாற்றிய பிறகு வரும் சத்தங்கள்: எது கோளாறு, எது மலை?

இலங்கை மலைநாட்டில், கினிகத்தேனையில் இருந்து ஹட்டனுக்கு ஏறும்போதுதான் என் பழைய ஆல்டோ முதல் தடவை அழுதது. முந்தின நாள்தான் புதுச் செட், கதவுகளுக்கு நாலு ஸ்பீக்கர், சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) எல்லாம் பூட்டியிருந்தோம். இரண்டாம் கியரில் எஞ்சின் இரைய இரைய, பாட்டுக்குப் பின்னால் ஒரு கொசுச் சத்தமும் கூடவே ஏறியது. வட்டவளைக்கு வரும்போது பாட்டைவிடக் கொசுதான் நன்றாகக் கேட்டது. பக்கத்தில் இருந்த மச்சான், "ஸ்பீக்கர்தான் சரியில்ல, மாத்திருடா" என்றான். மாற்றினேன். கொசு போகவில்லை. ஆம்பின் எர்த் வயரைச் சீட் போல்ட்டில், பெயின்டுக்கு மேலேயே முறுக்கி வைத்திருந்தோம். அரத்தாளால் தேய்த்து இறுக்கியதும் சத்தம் நின்றது. புது ஸ்பீக்கருக்குக் கொடுத்த சல்லி போனது போனதுதான்.

அதற்குப் பிறகு தோட்டத்தில் யார் வாகனத்தில் செட் பூட்டினாலும் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பார்த்தவரையில், பத்தில் எட்டுக் கோளாறு சாமானில் இருப்பதில்லை, வயர் முனையில் இருக்கிறது. ஆகவே கீழே உள்ளதை எல்லாம் பார்த்து முடிக்கும்வரை ஒரு சாமானும் புதிதாக வாங்காதீர்கள்.

கை வைப்பதற்கு முன்

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு துண்டு அரத்தாள், ஒன்றரை வோல்ட் டோர்ச் பெட்டரி ஒன்று. இவ்வளவு போதும்.

வயரில் கை வைக்கும்போது பெட்டரியின் மைனஸை முதலில் கழற்றுங்கள். ஆனால் வாகனத்தில் இருப்பது ஜப்பானில் இருந்து வந்த பழைய நேவிகேஷன் செட் என்றால் கொஞ்சம் பொறுங்கள். அவற்றில் சில, பெட்டரி கழன்றதும் பூட்டிக்கொண்டு, திறக்க ஒரு இரகசிய எண் (கோட்) கேட்கும். அந்தச் செட்டையே திரும்பப் பாவிக்கும் எண்ணம் இருந்தால் கோட் கிடைக்குமா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஹைபிரிட் வாகனத்தில் செம்மஞ்சள் நிற உறை போட்ட வயர் எதையும் தொடவே வேண்டாம், அது உயர் அழுத்த மின்சாரம். மஞ்சள் சொக்கட்டில் முடியும் வயர்கள் பெரும்பாலும் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றையும் விட்டுவிடுங்கள்.

ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது, அடுத்த மாதம் அதே கோளாறு வரும்போது திரும்பவும் முதலில் இருந்து தேட வேண்டும்.

செட் எரியவே இல்லை, அல்லது அணைத்ததும் எல்லாம் மறந்துபோகிறது

கடையில் வாங்கும் செட்களின் வயர் நிறம் அநேகமாக ஒன்றுதான். மஞ்சளில் எப்போதும் 12 வோல்ட் இருக்க வேண்டும். சிவப்பில் சாவி திருப்பினால் மட்டும் 12 வோல்ட் வர வேண்டும். கறுப்பு எர்த். செட் எரியாவிட்டால் வாகனத்தின் பியூஸ், செட்டின் முதுகில் இருக்கும் பியூஸ், பிறகு இந்த மூன்று வயர் என்ற ஒழுங்கில் மீட்டரால் பாருங்கள்.

செட் வேலை செய்கிறது, ஆனால் ஒவ்வொரு தடவை சாவியை எடுக்கும்போதும் நேரமும் ரேடியோ இடங்களும் அழிந்துபோகின்றன என்றால் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கின்றன. ஐரோப்பிய வாகனங்களில் இது அடிக்கடி நடக்கும். இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் முடிந்தது.

செட் எரிகிறது, ஸ்பீக்கர் ஊமை

சத்தத்தை முன்-பின்னாகப் பிரிக்கும் ஃபேடரும் இடது-வலதாகப் பிரிக்கும் பேலன்ஸும் நடுவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், இதற்காகவே ஒருவர் ராகலையில் இருந்து வந்தார். ஆம்ப் இருந்தால், செட்டில் இருந்து வரும் நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட வயர் ஆம்பின் ரிமோட் முனைக்குப் போக வேண்டும். செட் எரியும்போது அதில் 12 வோல்ட் வராவிட்டால் ஆம்ப் எழும்பாது.

ஒரு ஸ்பீக்கர் மட்டும் ஊமை என்றால் அதைப் பக்கத்துச் சனலுக்கு மாற்றிப் பாருங்கள். அங்கே பாடினால் ஸ்பீக்கர் நல்லது, வயர் அல்லது சனல் கெட்டது. ஓட்டுநர் பக்கக் கதவு என்றால் கீலுக்குப் பக்கத்தில் இருக்கும் ரப்பர் குழாயை இழுத்து உள்ளே பாருங்கள். நாளுக்கு ஐம்பது தடவை திறந்து மூடும் கதவில் வயர் அங்கேதான் அறும். கதவை மெதுவாக அசைக்கும்போது சத்தம் வந்து வந்து போனால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

எஞ்சினோடு சேர்ந்து ஏறும் கொசுச் சத்தம்

புதிதாகப் பூட்டுகிறவர்களை அதிகம் வாட்டுவது இதுதான். எஞ்சினோடு சுற்றிப் பெட்டரியை ஏற்றும் அல்டனேட்டரின் மின்சாரத்தில் இருக்கும் சிற்றலை பாட்டுக்குள் நுழைகிறது. சமவெளியில் நாலாம் கியரில் ஓடும்போது பெரிதாகத் தெரியாது. நம் ஏற்றங்களில் சின்னக் கியரில் எஞ்சின் உயர்ந்த சுற்றில் ஓடுவதால் காதைத் துளைக்கும். வாகனத்தை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, எக்சிலேட்டரை மிதித்தபடி இந்த ஒழுங்கில் பாருங்கள்.

முதலில், சிகரெட் லைட்டர் ஓட்டையில் இருக்கும் போன் சார்ஜரைப் பிடுங்குங்கள். சார்ஜரும் ஆக்ஸ் வயரும் ஒரே போனில் குத்தியிருந்தால் இரண்டு வழியாக எர்த் ஏற்பட்டு ஒரு வளையம் ஆகிவிடும், சத்தம் அதற்குள் ஓடும். பிடுங்கியதும் நின்றால் அதிர்ஷ்டம்தான். புளூடூத்தில் கேளுங்கள், விஷயம் முடிந்தது.

நிற்கவில்லை என்றால் செட்டின் சத்தத்தைப் பூச்சியத்துக்குக் குறையுங்கள். கொசு அப்படியே இருக்கிறதா? அப்படியானால் அது செட்டைத் தாண்டிய பிறகுதான் நுழைகிறது. ஆம்ப், செட்டில் இருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ வயர், எர்த் இவற்றில் ஒன்று. சத்தத்தோடு சேர்ந்து கொசுவும் குறைந்தால் செட்டுக்கு முன்னால், அதாவது போன் அல்லது ரேடியோ பக்கம் தேடுங்கள்.

அடுத்து, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஆர்சிஏ வயரை ஆம்பில் இருந்து கழற்றுங்கள், பிறகு எஞ்சினையும் செட்டையும் திரும்ப ஓடவிடுங்கள். ஆம்ப் ஓடும்போது கழற்றக்கூடாது. கழற்றிய பின்னும் கொசு இருந்தால் பவர் அல்லது எர்த் பக்கம்தான் பிழை. போய்விட்டால் ஆர்சிஏ அல்லது செட்.

எர்த் பற்றி ஒரு வார்த்தை. வயர் 45 சென்டிமீற்றருக்குள் முடிய வேண்டும், பவர் வயரின் அளவே இருக்க வேண்டும், வெள்ளி போல் மின்னும்வரை தேய்த்த இரும்பில் ஒரு வட்ட முனை போட்டு இறுக்க வேண்டும். இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் கிரீஸ் அல்லது பெயின்ட். இங்கே இருக்கும் ஈரத்துக்கு, மூடாத இரும்பு ஒரு மழைக்காலத்திலேயே துருவேறிவிடும், போன கொசு திரும்பி வரும். சரியா என்று பார்க்க, பாட்டைச் சத்தமாக வைத்து, ஆம்பின் எர்த் முனைக்கும் பெட்டரி மைனஸுக்கும் இடையில் வோல்ட்டை அளவுங்கள். 0.1 வோல்ட் பக்கமாக இருந்தால் நல்லது. அரை வோல்ட் காட்டினால் எர்த் சரியில்லை.

பவர் வயரும் ஆர்சிஏ வயரும் ஒரே பக்கமாகப் படுத்து ஓடினாலும் இதே சத்தம் வரலாம். ஒன்றை இடது பக்கத்திலும் மற்றதை வலது பக்கத்திலும் கொண்டுபோங்கள். கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்கட்டும்.

இவ்வளவும் பார்த்தும் போகாவிட்டால் ஒரு சோதனை மிச்சம் இருக்கிறது. ஆர்சிஏ முனையின் வெளி உலோகத்தையும் செட்டின் உடம்பையும் ஒரு துண்டு வயரால் தொடுங்கள். கொசு சட்டென்று நின்றால் செட்டுக்குள் ஆர்சிஏயின் எர்த் கருகிப்போயிருக்கிறது. முன்பு யாரோ ஆம்ப் ஓடும்போது வயரைக் குத்திக் கழற்றியதன் விளைவு. அந்தத் துண்டு வயரை நிரந்தரமாக வைத்தாலும் பிழையில்லை.

சத்தத்தை வடிகட்டும் ஐசோலேட்டர் ஒன்றைக் கடைக்காரர் முதலிலேயே நீட்டுவார். நான் அதைக் கடைசியில்தான் பாவிப்பேன். மலிவானது பேஸையும் (தாழ்ந்த அடிச் சத்தத்தையும்) சேர்த்துத் தின்றுவிடும்.

ரேடியோ இழுக்கவில்லை

இதில் மூன்று வேறு வேறு பிழைகள் ஒரே முகத்தோடு வரும்.

ஒன்று, ஜப்பான் செட். அங்கே எஃப்எம் 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும். பழைய செட்கள் 90 உடன் நின்றுவிடும், பிறகு வந்தவை 95 வரை போகும். நம் நாட்டில் எஃப்எம் 87.5 முதல் 108 வரை. ஆகவே மேல்பக்கத்தில் இருக்கும் தமிழ் அலைவரிசைகள் அந்தச் செட்டில் இல்லவே இல்லை, எவ்வளவு திருகினாலும் வராது. இதற்காக ஏரியல் வயரில் பேண்ட் எக்ஸ்பாண்டர் என்று ஒரு சின்னப் பெட்டியைப் பூட்டுவார்கள். அது அலைவரிசையைக் கீழே இறக்கிக் கொடுக்கும், திரையில் காட்டும் எண் மட்டும் வேறாக இருக்கும். இப்போது கவனியுங்கள்: நீங்கள் அந்தச் செட்டைக் கழற்றிவிட்டு 108 வரை போகும் புதுச் செட்டைப் போட்டால், அந்தப் பெட்டியையும் கழற்ற வேண்டும். பலர் மறந்துவிடுகிறார்கள். பிறகு, சூரியன் எஃப்எம் இருக்க வேண்டிய இடத்தில் இரைச்சல் வருகிறது, புதுச் செட் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறார்கள்.

இரண்டு, ஏரியலுக்கு மின்சாரம் இல்லை. கூரையில் சின்ன வாலோ மீன் துடுப்பு போன்றதோ, பின் கண்ணாடியில் கோடோ இருந்தால், அதற்குள் பூஸ்டர் இருக்கும் வாய்ப்பு அதிகம். செட்டின் நீல வயர் அதற்குப் போகாவிட்டால் பக்கத்தில் இருக்கும் நிலையம் மட்டும் மங்கலாகக் கேட்கும்.

மூன்று, மலை. எஃப்எம் அலை பார்வைக் கோட்டில் போவது. கோபுரத்துக்கும் உங்களுக்கும் நடுவில் மலை இருந்தால் நிழல் விழும். மலையில் பட்டுத் திரும்பும் அலை நேரே வரும் அலையோடு மோதும்போது ஓடும் வாகனத்தில் 'சொர் சொர்' என்று வெட்டி வெட்டிக் கேட்கும். இது கோளாறு அல்ல. கண்டுபிடிக்க ஒரே வழி, நன்றாக எடுத்த இடத்தில் வாகனத்தை நிறுத்திக் கேட்பது. அங்கே தெளிவாகக் கேட்டு, அடுத்த வளைவில் போய், அதற்கடுத்த வளைவில் திரும்பி வந்தால் உங்கள் வேலை சரியாகவே இருக்கிறது. ரம்பொடை இறக்கத்தில் எந்தச் செட்டும் இப்படித்தான் பாடும். செட்டில் மோனோ வசதி இருந்தால் போடுங்கள், இரைச்சல் பாதி குறையும். ஒரே நிலையம் பகுதிக்குப் பகுதி வேறு அலைவரிசையில் வருவதால், ஹட்டன் பக்கத்து எண்ணையும் பதுளைப் பக்கத்து எண்ணையும் தனித்தனியாகச் சேமித்து வையுங்கள்.

இன்னொன்று: ரேடியோவில் மட்டும் எப்போதும் இரைச்சல், புளூடூத் சுத்தம் என்றால் டேஷ் கெமராவின் சார்ஜரையும் மலிவு எல்ஈடி பல்புகளையும் கழற்றிப் பாருங்கள். குற்றவாளி அடிக்கடி அங்கே இருப்பார்.

பேஸ் இல்லை

புது ஸ்பீக்கர் பழசைவிட மெலிதாகக் கேட்கிறது என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, பிளஸும் மைனஸும் பார்த்தீர்களா என்பதுதான். ஒரு ஸ்பீக்கர் முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுத்தால் பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். செட்டின் வயர்களில் கறுப்புக் கோடு போட்டது மைனஸ். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. நிறம் தெரியாத வயர் என்றால், ஸ்பீக்கர் வயரைச் செட்டில் இருந்து கழற்றி, ஒன்றரை வோல்ட் பெட்டரியால் ஒரு நொடி தொடுங்கள். கூம்பு வெளியே வந்தால் பெட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ்.

அது சரி என்றால், ஸ்பீக்கருக்கும் கதவுத் தகட்டுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதா பாருங்கள். கூம்பின் பின்பக்கக் காற்று அந்த இடைவெளியால் முன்னுக்கு வந்து பேஸை அழித்துவிடும். சுற்றிவர ஒரு வளையம் ஸ்பொஞ்ச் ஒட்டினால் போதும். இந்த விலைக்கு இதைவிடப் பெரிய முன்னேற்றம் கார் ஓடியோவில் கிடையாது.

கூட்டினால் உடைகிறது

பெட்டியில் '50 வாட் நான்கு சனல்' என்று எழுதியிருக்கும். அது உச்சக் கணக்கு. செட்டுக்குள் இருக்கும் ஆம்ப் தொடர்ந்து கொடுக்கக்கூடியது சனலுக்கு 15 முதல் 20 வாட் வரைதான். அதற்கு மேல் முறுக்கினால் அலையின் தலை வெட்டுப்பட்டு ஸ்பீக்கர் அலறும், உயர்ந்த சத்தம் பாடும் சின்ன ட்வீட்டர் கருகும். சின்ன ஸ்பீக்கருக்கு, தாழ்ந்த சத்தத்தை வெட்டும் எச்பிஎஃப் வடிகட்டியை 80 ஹெர்ட்ஸில் போட்டு, பேஸ் பூஸ்டை அணையுங்கள். பேஸுக்கென்று தனி ஸ்பீக்கரான சப் இருந்தால், அதற்கு உயர்ந்த சத்தத்தை வெட்டும் எல்பிஎஃப் 80.

தனி ஆம்ப் இருந்தால் கெயின் திருகியைப் பாருங்கள். அது சத்தத்தைக் கூட்டும் திருகி என்று நினைத்து முழுக்கத் திருகி வைத்திருப்பார்கள். செட்டை முக்கால் அளவுக்கு வைத்து, கெயினை அடியில் இருந்து மெதுவாகக் கூட்டி, சத்தம் கெடத் தொடங்கும் இடத்தில் இருந்து கொஞ்சம் பின்னுக்கு எடுத்து விடுங்கள். அப்புறம் அதைத் தொடாதீர்கள்.

ஆம்பில் சிவப்பு விளக்கு

ஆம்ப் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. அணைத்துவிட்டு ஸ்பீக்கர் வயர், ஆர்சிஏ எல்லாவற்றையும் கழற்றி, பவர், எர்த், ரிமோட் மூன்றோடு மட்டும் போடுங்கள். அப்போதும் சிவப்பு என்றால், எர்த் சரியாக இருக்கும் பட்சத்தில், ஆம்ப் போய்விட்டது. பச்சை வந்தால் ஒவ்வொன்றாகத் திரும்பப் பூட்டுங்கள். எதில் சிவப்பு வருகிறதோ அங்கே பெரும்பாலும் ஒரு வயர் வாகனத்தின் உடம்பில் படுகிறது.

கொஞ்ச நேரம் பாடி, பிறகு சிவப்பு வந்தால் சூடு அல்லது ஓம் (மின்தடை) கணக்கு. 4 ஓம் சப் இரண்டைப் பக்கம் பக்கமாக (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) கொடுத்தால் 2 ஓம் ஆகிவிடும். பிரிட்ஜ் செய்த, அதாவது இரண்டு சனலை ஒன்றாக்கிய பல ஆம்ப்கள் 4 ஓமுக்குக் கீழே தாங்காது. பூட்டுவதற்கு முன் ஆம்பின் முதுகில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை

ரிமோட் வயரைச் சோம்பலில் மஞ்சளோடு சேர்த்துவிட்டால் ஆம்ப் இரவெல்லாம் விழித்திருக்கும். எல்லாம் அணைத்து, கதவு மூடி, அரை மணி நேரம் கழித்து, மைனஸ் வயரைக் கழற்றி, அதற்கும் பெட்டரி மைனஸுக்கும் நடுவில் மீட்டரை அம்பியரில் தொடராக வைத்துப் பாருங்கள். 0.05 அம்பியருக்குள் இருந்தால் சரி. அரை அம்பியர் காட்டினால் பியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், எதில் இறங்குகிறதோ அதுதான். மீட்டர் இருக்கும்போது சாவியைத் திருப்பாதீர்கள், மீட்டரின் பியூஸ் போய்விடும்.

தை மாதக் குளிரில் நுவரெலியாவில் வெளியே நிற்கும் வாகனத்துக்குப் பெட்டரியின் பலம் ஏற்கெனவே குறைவு. கொழும்பில் பொறுத்துப்போகும் கசிவு இங்கே காலையில் காட்டிக்கொடுத்துவிடும். ஆறிய பெட்டரியில் 12.6 வோல்ட், எஞ்சின் ஓடும்போது சாதாரணமாக 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும்.

மழைக்குப் பிறகு கரகரப்பு

இதைப் பற்றி வெளியூர்க்காரர்கள் எழுதுவதில்லை, அவர்களுக்கு அவ்வளவு ஈரம் இல்லை. கதவுக்குள் மழைத் தண்ணீர் வருவது இயல்பு. கண்ணாடி வழியாக இறங்கி, அடியில் இருக்கும் ஓட்டைகளால் வெளியேறிவிடும். கதவு அட்டைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருப்பது, அந்தத் தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பதற்குத்தான். ஸ்பீக்கர் பூட்டுபவர் அவசரத்தில் அதைக் கிழித்து எறிந்துவிடுவார். எனக்கும் ஒரு கராஜில் அப்படித்தான் செய்து கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் இரண்டு ஸ்பீக்கரின் கூம்பும் ஊறிப்போய், பாடகர் சளி பிடித்தவர் போல் பாடினார்.

தாளைத் திரும்ப ஒட்டுங்கள், இல்லாவிட்டால் தடித்த பொலித்தீனால் புதிதாக வெட்டி ஒட்டுங்கள். ஸ்பீக்கரின் முதுகுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் கூரை மாதிரி வையுங்கள், முழுக்க மூட வேண்டாம். கதவின் அடியோட்டைகளைக் குச்சியால் கிளறுங்கள். தோட்டத்து மண் பாதையில் ஓடும் வாகனத்தில் அவை சேற்றால் அடைத்திருக்கும், கதவைச் சாத்தும்போது 'சலக்' என்று தண்ணீர் ஆடும். ஸ்பீக்கர் வாங்கும்போதும் காகிதக் கூம்பைவிடப் பொலிபுரோபிலீன் கூம்பைப் பாருங்கள்.

முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளையும் திறந்து பாருங்கள். உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தால் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, ஈயம் வைத்து ஒட்டி, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடுங்கள்.

பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்குகிறது

மழை, மூடுபனி, இரவு. ஹெட்லைட், வைப்பர், கண்ணாடிக்கு ஊதும் புளோவர் எல்லாம் ஒன்றாக ஓட, நானுஓயாச் சந்தியில் வாகனம் நிற்கிறது. அல்டனேட்டர் அந்தச் சுற்றில் கொடுப்பது அதற்கே மட்டுமட்டு. அதற்கு மேல் சப் ஒரு அடி அடித்தால் லைட் கண் சிமிட்டும். பெரிய கப்பாசிட்டர் வாங்குங்கள் என்று சொல்வார்கள். அதற்கு முன் பெட்டரி முனைகளைச் சுத்தம் செய்து, எஞ்சினுக்கும் உடம்புக்கும் போகும் எர்த் வயரைப் பாருங்கள். பவர் வயரின் ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அதே தடிப்பில் உண்மையான செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட அது கடத்தாது. ஒரு அளவு தடித்த செம்பு வயராக மாற்றுங்கள். அந்த வயரில் பெட்டரியில் இருந்து 45 சென்டிமீற்றருக்குள் பியூஸ் இல்லையென்றால், லைட் மங்குவதைப் பிறகு பாருங்கள். இன்றைக்கே பியூஸைப் போடுங்கள். உடம்பில் உரசிய பவர் வயர் பற்றிக்கொண்டால், இடையில் அறுக்க வேறு எதுவும் இல்லை.